மதுரையில் இரண்டு நாள்: சிறு குழந்தைகளோடு நகர உலா செல்லும் குடும்பங்களுக்கு

நயினார்கோவில் வட்டாரத்துக் குழந்தைகள் பலருக்கு மதுரை முதன்முதலில் ஒரு மருத்துவமனையாகவே அறிமுகமாகிறது. உயர் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ அழைத்துச் செல்லப்பட்ட குழந்தை, ‘மதுரைக்குப் போகிறோம்’ என்று கேட்டவுடன், ‘ஊசி போடுவார்களா?’ என்று வினவுவது இயல்பு. அக்குழந்தைக்கு அந்நகரின் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் காட்டி, ஊசி இல்லாத ஒரு பயணத்தைத் தர வேண்டும் என்று பெற்றோர் விரும்புகின்றனர். அவ்விருப்பம் நிறைவேறுவதற்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

குழந்தையோடு வழிநடப்பது நம் ஊருக்குப் புதிதன்று. வாய் பேச இயலாத மகளைத் தந்தை ஒருவர் இங்குள்ள நாகநாதர் சந்நிதிக்கு அழைத்துவர, அவள் ‘நயினாரே’ என்று வாய் திறந்து அழைத்தாள் என்றும், அதனாலேயே இவ்வூர் நயினார்கோவில் எனப் பெயர் பெற்றது என்றும் தலக்கதை கூறுகிறது. ஒரு குழந்தையின் நலத்தை முன்னிட்டு அமைந்த பயணம் அது. நம் உல்லாசப் பயணமும் குழந்தையின் நலத்தை முன்னிட்டே அமைதல் வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நிகழ்கிறது. இரண்டு நாளில் பார்க்க வேண்டிய இடங்கள் பத்து என்று பெரியவர்கள் பட்டியலிடுகின்றனர். அப்பட்டியலின் பின்னே குழந்தை இழுத்துச் செல்லப்படுகிறது. உச்சிவெயிலில் நடை, தவறிய உறக்கம், நேரம் தப்பிய உணவு ஆகிய மூன்றும் சேரும்போது நோய் எளிதில் இடம்பிடிக்கிறது. ஆகவே, பயணத் திட்டத்தைக் குழந்தையின் பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றைக் கொண்டு வகுக்க வேண்டும். காலையில் ஓர் இடம், நண்பகலில் ஓய்வு, மாலையில் ஓர் இடம் என்பதே சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தும் அளவு.

குழந்தையின் உடலும் வெயிலும்

இந்த அளவு ஏன் என்பதை உடலின் இயல்பைக் கொண்டு விளக்கலாம். 50 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர்ச்சத்து தேவை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 1 லிட்டர். எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள குழந்தைக்கு நீர்த்தேவை பாதியாக இருக்கிறது. பால், கஞ்சி, பழம், குழம்பு ஆகியவற்றில் உள்ள நீரும் இக்கணக்கில் சேரும். நாலைந்து மணி நேரம் நீர் அருந்தாமல் பெரியவர் தாக்குப்பிடிப்பார். அதே நேரத்தில் குழந்தையின் நாக்கு உலர்ந்துவிடும்.

மேலும், எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு மிகுதி. ஆதலால் சுற்றுப்புற வெப்பத்தை அதன் உடல் விரைவாக ஏற்கிறது. வியர்த்துக் குளிரும் ஆற்றலோ பெரியவரினும் குறைவு. தாகத்தைச் சொல்லத் தெரியாத வயது என்பதும் சேர்ந்துகொள்கிறது. விளையாட்டில் மூழ்கிய மூன்று வயதுக் குழந்தை தண்ணீர் கேட்காது. நாமே அரைமணிக்கு ஒரு முறை சில மிடறுகள் தர வேண்டும். ஆறு மாதம் நிறையாத, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்குக் கோடையிலும் தனியாகத் தண்ணீர் வேண்டா. தாய்ப்பாலை அடிக்கடி தருவதும், தாய் போதிய நீர் அருந்துவதும் போதும்.

மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. சித்திரைத் திருவிழாவின் பெருங்கூட்டமும் அக்காலத்திலேயே கூடுகிறது. கைக்குழந்தையோடு முதன்முறையாகச் செல்வோர் மார்கழி, தை, மாசி மாதங்களைத் தேர்வது நன்று. பள்ளி விடுமுறையை முன்னிட்டுக் கோடையில்தான் செல்ல இயலும் எனில், காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை குழந்தை கூரையின் கீழ் இருத்தல் வேண்டும்.

புறப்படும் முன்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவறிய தவணை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். குறிப்பாக, 6, 10, 14 வாரங்களில் தரப்படும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும், 9 மாதம் நிறைந்தபின் போடப்படும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியும் கூட்டம் மிகுந்த இடங்களுக்குச் செல்லும் குழந்தைக்கு அரண்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். தங்குமிடத்துக்குக் கட்டிய முன்பணம் பெரிதன்று.

கைப்பையில் இருக்க வேண்டியவை:

• உலக சுகாதார நிறுவனத்தின் கலவை முறைப்படி அமைந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கு, 1 லிட்டர் அளவு தெரியும் பாட்டில் ஒன்று.
• பாராசிட்டமால் மருந்தும் அளவுக் குப்பியும்.
• வெப்பமானி.
• குழந்தை நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள், பயண நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாக.
• மருத்துவரின் மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல்கள்.
• சோப்பு, பருத்தித் துண்டு, மாற்றுடை இரண்டு, குடை, தொப்பி, கொசுவலை.

பாராசிட்டமால் குறித்து ஓர் எச்சரிக்கை. இம்மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம், சொட்டு மருந்தாக 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் எனப் பல செறிவுகளில் விற்கப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று மருத்துவர் குறித்திருந்தால், முதல் வகையில் அது ஏறத்தாழ 6 மில்லிலிட்டர். இரண்டாம் வகையில் 3 மில்லிலிட்டர். சொட்டு மருந்தில் 1.5 மில்லிலிட்டர். வீட்டில் ஒரு வகையைப் பழகியவர், வெளியூர்க் கடையில் வேறொரு வகையை வாங்கிப் பழைய அளவிலேயே கொடுத்தால் மருந்து இருமடங்காகவோ நான்கு மடங்காகவோ ஆகிவிடும். எனவே வீட்டில் பயன்படுத்தும் பாட்டிலையே எடுத்துச் செல்லுங்கள். உங்கள் குழந்தையின் எடைக்குரிய அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி அதன்மேல் ஒட்டிவையுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. சளி, இருமல் சிரப்புகளையும் மருத்துவர் சொல்லாமல் கடையில் கேட்டு வாங்கலாகாது.

தாத்தா, பாட்டி உடன் வருவார்களாயின் அவர்களுடைய மாத்திரைப் பையும் வரும். சர்க்கரை நோய்க்குரிய சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை ஒரு சிறு குழந்தை விழுங்கினாலும் இரத்தத்தின் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழும். வீட்டில் உயரமான அலமாரியில் இருந்த பை, விடுதியில் கட்டிலின் மேல் கிடக்கும். அதற்கு ஒரு பூட்டோ எட்டாத இடமோ தேடுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

வழிப்பயணம்

நயினார்கோவிலிலிருந்து பரமக்குடி சென்று, பார்த்திபனூர், மானாமதுரை, திருப்புவனம் வழியாக மதுரையை அடைவது வழக்கமான பாதை. பரமக்குடியிலிருந்து தொடர்வண்டியும் உண்டு. தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. தொடர்வண்டியிலும் தனி இருக்கை கேட்காத 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயணச்சீட்டு வேண்டா. எழுந்து நடக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் வசதி இருப்பதால், இடம் கிடைக்குமாயின் சிறு குழந்தைகளுக்குத் தொடர்வண்டியே ஏற்றது.

பேருந்திலும் காரிலும் சில குழந்தைகள் வாந்தி எடுப்பதற்குக் காரணம் வயிறு அன்று. காதும் கண்ணும் தரும் செய்திகளின் முரண்பாடு. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, உடல் அசைகிறது என்று மூளைக்கு அறிவிக்கிறது. கைப்பேசியையோ முன்னிருக்கையின் முதுகையோ பார்த்திருக்கும் கண், யாவும் அசையாமல் இருப்பதாக அறிவிக்கிறது. இம்முரண் குமட்டலாக வெளிப்படுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இது அரிது. பள்ளிப் பருவத்தில் மிகுதி. கண்ணுக்கும் அசைவைக் காட்டுவதே இதற்கு வழி. பேருந்தின் முன்பகுதியில் சன்னலோரம் அமர்த்தி, தொலைவில் உள்ள பனைமரங்களையும் கண்மாயையும் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இட்லி போன்ற எளிய உணவைச் சிறிதளவு கொடுங்கள்; வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒருசேரக் குமட்டலைத் தூண்டும். வாந்தி தடுப்பு மருந்துகளில் சில இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்தானவை என்பதால், மருத்துவர் எழுதித் தராத எதையும் கொடுக்க வேண்டா.

காரில் செல்வோர் குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மோதல் நேர்ந்தால் மடியில் உள்ள குழந்தையை எந்தக் கையாலும் பற்றி நிறுத்த இயலாது. விரியும் காற்றுப்பையும் குழந்தையின் முகத்திலேயே அடிக்கும். பின்னிருக்கையில், வயதுக்கேற்ற குழந்தை இருக்கையிலோ வார்ப்பட்டையுடனோ அமர்த்துவதே பாதுகாப்பு. இருசக்கர வாகனத்தில் பரமக்குடி வரை செல்வோர்க்கும் விதி உண்டு: 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது.

தேநீர் அருந்த வண்டியை நிறுத்தும்போது, உறங்கும் குழந்தையை ‘ஐந்து நிமிடந்தானே’ என்று உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். மூடிய காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்கு ஏறக்கூடும். சன்னலைச் சற்றே திறந்து வைப்பதால் இது பெரிதும் குறைவதில்லை.

மதுரைக்குச் சற்று முன்பாக, திருப்புவனத்தைக் கடந்ததும் கீழடிக்கு வழி பிரிகிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம், நகருக்குள் நுழையுமுன் குழந்தைகள் கால் நீட்டி நடக்க நல்ல இடம். அங்கே பெரியவர்கள் பானை ஓட்டின் எழுத்துகளை ஆராயட்டும். குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைக் காட்டுங்கள். நொண்டி விளையாட்டுக்கு உதவும் வட்டச் சில்லுகள், காய்கள், பகடைகள் ஆகியவை அங்கே கிடைத்துள்ளன. தம்மைப் போலவே வைகைக் கரையில் சில்லு எறிந்து விளையாடிய குழந்தைகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். எந்த இடமாயினும் திறக்கும் நேரத்தையும் வார விடுமுறையையும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவின் முன் வெயிலில் நிற்பது குழந்தைக்கு ஆகாது.

நண்பகலும் தங்குமிடமும்

ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரம். பகல் உறக்கம் தவறிய குழந்தை மாலையில் எதற்கும் அழும், உண்ண மறுக்கும், நீரும் அருந்தாது. எனவே நண்பகல் ஓய்வை வீணான நேரமாகக் கருத வேண்டா. மாலை உலா அதனால்தான் இனிக்கிறது.

விடுதி அறையில் நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன் பெரியவர் ஒருவர் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து அறையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சன்னலுக்குக் கம்பி உண்டா, பால்கனிக் கதவு தாழிடக்கூடியதா, மின் இணைப்புத் துளைகள் கைக்கெட்டுமா என்று நோக்குங்கள். குளியலறையில் நீர் நிரம்பிய வாளி இருந்தால் கவிழ்த்துவிடுங்கள்; தலைகுப்புற விழும் குழந்தைக்கு வாளியின் பாதி நீரும் உயிராபத்து. வெந்நீர்க் குழாயை முதலில் பெரியவர் திறந்து சூட்டைப் பார்த்தபின்பே குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும் ஆதலால் பகல் உறக்கத்துக்கும் கொசுவலை வேண்டும்.

மாலை வெயில் தாழ்ந்தபின் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் செல்லலாம். 1645-இல் திருமலை நாயக்கர் காலத்தில் அமைந்த இக்குளத்தின் நடுவில் மண்டபமும், சுற்றிலும் காற்றாட நடக்க இடமும் உண்டு. குழந்தை ஓடும் இடத்துக்கும் நீருக்கும் இடையே எப்போதும் ஒரு பெரியவர் இருத்தல் வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற நிலையில் ஒருவரும் பார்ப்பதில்லை. ‘இந்த அரைமணி நேரம் குழந்தை என் பொறுப்பு’ என்று ஒருவர் சொல்லி ஏற்றுக்கொள்வதே நலம்.

கோவிலும் கூட்டமும்

மீனாட்சி அம்மன் கோவில் விடியற்காலையில் திறந்து நண்பகலில் நடை சாத்தப்பட்டு, மாலையில் மீண்டும் திறக்கப்படுகிறது. இரண்டாம் நாள் காலை ஆறு மணியளவில் சென்றால் கூட்டமும் வெப்பமும் குறைவு. நண்பகலை நெருங்கிச் சென்றால் ஆடி வீதிகளின் கருங்கல் தளம் குழந்தையின் வெறுங்காலைச் சுடும். குழந்தையின் உள்ளங்கால் தோல் மெல்லியது. நமக்குப் பொறுக்கும் சூட்டில் அதற்குக் கொப்புளம் எழும்.

இக்கோவிலில் 2018-ஆம் ஆண்டின் தீ விபத்துக்குப் பிறகு கைப்பேசியை உள்ளே கொண்டு செல்லத் தடை உள்ளது. குழந்தையோடு செல்வோர் இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். உள்ளே பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் அழைக்க வழியில்லை. ஆதலால் நுழையும் முன்பே சந்திக்கும் இடம் ஒன்றை முடிவு செய்யுங்கள். முக்குறுணி விநாயகர் சந்நிதி அதற்கு ஏற்றது. பேருருவம் என்பதால் குழந்தைக்கும் நினைவிருக்கும். எவரிடம் கேட்டாலும் வழி சொல்வர். பொற்றாமரைக் குளக்கரையைச் சந்திக்கும் இடமாக வைக்க வேண்டா. நீர்நிலையின் அருகே குழந்தை தனியே வந்து நிற்பது நல்லதன்று.

குழந்தையின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்றை வைப்பது பலரும் செய்வதே. ஆனால் காப்பறையில் வைத்த பெற்றோரின் கைப்பேசியை அந்நேரத்தில் எடுப்பார் இல்லை. ஆகையால் ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் அச்சீட்டில் எழுதி, குறிப்பிட்ட நேரத்தில் அழைப்பு வரக்கூடும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். குழந்தை அன்று அணிந்த உடையோடு காலையில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும், அவ்வுடையின் நிறத்தை மனத்தில் இருத்துவதும் தேடும்போது உதவும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று, காவலரிடமோ குழந்தையோடு வந்த ஒரு தாயிடமோ சொல்ல வேண்டும் என்று நான்கு வயதுக் குழந்தைக்கே கற்பிக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எல்லா அவசரங்களுக்கும் பொது எண் 112.

தரிசனம் முடிந்து காலை உணவுக்குப் பின் வெயில் ஏறும் நேரத்தில், 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் செல்லலாம். அங்கே குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. குளிர்ந்த கூரையின் கீழ்ப் படப்புத்தகம் புரட்டும் ஒரு மணி நேரம், கடைவீதியில் அலையும் மூன்று மணி நேரத்தினும் மேலானது. அழகர்கோவில் செல்ல விரும்புவோர் அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே செல்லும்போது குழந்தையின் கையில் தின்பண்டம் இருக்கலாகாது. குரங்குகள் பறிக்க வரும்போது கடியும் கீறலும் நேர்கின்றன. குரங்கோ நாயோ கடித்தால் அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க வேண்டா.

உணவும் நீரும்

சூடாக ஆவி பறக்க வரும் உணவில் கிருமிக்கு இடம் குறைவு. இட்லி, இடியாப்பம், சூடான சோறு, ரசம், தாமே உரித்துத் தரும் வாழைப்பழம் ஆகியவை நம்பத்தகுந்தவை. நறுக்கி வைத்த பழம், காலையில் அரைத்து மாலை வரை வெளியில் இருக்கும் சட்னி, பச்சைக் காய்க் கலவை ஆகியவற்றைத் தவிருங்கள். மதுரை என்றாலே நினைவுக்கு வரும் ஜிகர்தண்டாவைப் பெரிய குழந்தைகள் சுவைத்துப் பார்க்கலாம். ஆனால் பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்பதும், பால் எப்படி வைக்கப்பட்டது என்பதும் தெரியும் கடையாக இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது வேண்டா. ஓடும் வண்டியில் நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை போன்றவற்றை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பதையும் தவிர்க்கவும்; ஒரு குலுக்கலில் அவை மூச்சுக்குழலில் இறங்கக்கூடும்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால்

உணவில் நச்சு இருந்தால் சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கும். கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கோ ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே தலைகாட்டும். எனவே நகரில் தொற்றியது ஊர் திரும்பியபின் வெளிப்படலாம்.

முதல் நீர்த்த மலத்திலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்குங்கள். ஒரு பெரிய பொட்டலத்தைக் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைப்பது தவறு. உப்பு மிகுந்து கேடு விளையும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஒவ்வொரு முறை மலம் போனபின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பின்னர் ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டா. துத்தநாக மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் 14 நாள் தர வேண்டும்.

அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு விற்கப்படும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. அவற்றில் சர்க்கரை மிகுதி. குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை அவை கூட்டும். அத்தகைய பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லைச் சேர்ப்பதற்கு 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் தடை விதித்தது.

நாட்பட்ட நோயுள்ள குழந்தைக்கும் உலா உண்டு

நோயுள்ள குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று மற்றவர்கள் மட்டும் செல்வதை யாம் கண்டிருக்கிறோம். பெரும்பாலான குழந்தைகளை ஆயத்தத்தோடு அழைத்துச் செல்லலாம். முன்கூட்டியே ஒரு முறை மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையின் உறிஞ்சு மருந்தும் இடைக்குழலும் பெட்டியில் அன்றிக் கைப்பையில் இருக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு ஒரு வேளை மருந்து தவறுவதும் உறக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். அவசர மருந்து எழுதப்பட்டிருந்தால் அதைச் செலுத்தும் முறையை உடன் வருவோர் இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடும் குழந்தையின் மருந்தை வெயில் படாத குளிர்ப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டியின் மேல் நேரே வைத்து உறைந்த இன்சுலின் பயன்படாது. புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெற்றுவரும் குழந்தையை மட்டும் மருத்துவரின் இசைவின்றிக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டா. அக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் உடனடிச் சிகிச்சைக்குரியது.

காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, கண்ணீரின்றி அழுதல், குழிந்த கண், உலர்ந்த நாக்கு.
• எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல். பால் குடிக்க இயலாமை. குடித்த யாவும் வாந்தியாதல்.
• மலத்தில் இரத்தம்.
• மூச்சு வாங்குதல். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல்.
• வலிப்பு.
• மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்.
• வெயிலில் இருந்தபின் உடல் கொதித்து, பேச்சு குழறுதல் அல்லது மயங்குதல்.

கடைசியாகக் கூறியது வெப்பத்தாக்கு. அதற்குப் பாராசிட்டமால் பயன் தராது. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் நீர் ஊற்றலாகாது.

வழியில் பரமக்குடி, மானாமதுரை ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இரவும் பகலும் அவசர சிகிச்சை அளிக்கிறது. 108 ஆம்புலன்சுக்கும் 104 மருத்துவ ஆலோசனைக்கும் கட்டணமில்லை.

ஊர் திரும்பியபின்

இரண்டாம் நாள் வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டால், இருட்டி நெடுநேரமாகும் முன் வீட்டை அடையலாம். மறுநாளைப் பள்ளிக்கோ விருந்துக்கோ ஒதுக்காமல் ஓய்வுக்கு விடுங்கள். அடுத்த மூன்று நாள் குழந்தையின் மலம், சிறுநீர், உடல்வெப்பம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஏதேனும் மாறுபாடு கண்டு மருத்துவரிடம் வந்தால், எங்கே சென்றீர்கள், என்ன உண்டீர்கள், கொசுவோ விலங்கோ கடித்ததா என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். நோயை அறிவதற்கு அது பெரிதும் துணை செய்யும்.

பட்டியலில் இருந்த பத்து இடங்களில் நான்கைத்தான் பார்த்தோம் என்று வருந்த வேண்டா. கோபுரமும் குளமும் எங்கும் போய்விடா. ஊசி போடும் ஊர் என்று அஞ்சிய குழந்தை, அடுத்த முறை சிகிச்சைக்காக மதுரைக்குப் புறப்படும்போது, ‘தெப்பக்குளத்துக்கும் போவோமா?’ என்று கேட்குமாயின் அந்த இரண்டு நாளும் பயன்பட்டன.